வெற்றிக்குக் கிடைத்த பர்மிட்

தடைக்காலம் வந்துவிட்டால் காசிமேட்டு விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் இனம் பெருகட்டும், இரண்டு மாதம் கடலுக்குப் போகாதே என்கிறது அரசாங்கம். மீன் பெருகுகிறதோ இல்லையோ, திருவொற்றியூரில் வெற்றியின் வீட்டில் பேச்சு பெருகிவிடும். படகு ஓட்டுகிறவனை வீட்டில் உட்கார வைத்தால் எதைத்தான் ஓட்டுவான்? வாயை ஓட்டுவான்.

அப்படி அவன் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி நர்மதாவின் தம்பி ரவிக்குமார் வந்து சேர்ந்தான். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே ஏதோ ஒரு மலையில் நடந்து ஏறி, கூடாரத்தில் தூங்கிவிட்டு வந்திருந்தான். போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். நர்மதா தோசைக் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். போன வருஷம் பக்கத்து வீட்டு ஜீனத்தோடு இப்படி ஒரு மலைக்குப் போய் வரட்டுமா என்று கேட்டவள் அவள். "மீன் விக்கிறவளுக்குக் காட்ல இன்னாமே வேல? கொரங்குக்கு மீன் விக்கப் போறியா?" என்று வெற்றி சிரித்த சிரிப்பில் அந்தப் பேச்சு அன்றோடு அடங்கிப்போனது.

"இதெல்லாம் உன்னால ஆவாது மாமு," என்றான் ரவிக்குமார்.

அங்கேதான் வெற்றிக்குச் சனி பிடித்தது.

"இன்னாடா ஆவாது? கடலையே பாத்தவன் நானு. தடை முடியறதுக்குள்ள எங்க வூட்டு ஆளு அதே மலை உச்சில எங்க படகுக் கொடிய நட்டு போட்டோ எடுக்கல, இந்த மீசைய எடுத்துர்றேன்."

சாதாரண மீசை அல்ல அது. நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும். ராயபுரம் வரைக்கும் அதற்குப் பேர் உண்டு. வெற்றியைத் தெரியாதவர்களுக்குக்கூட மீசையைத் தெரியும்.

வாயை விட்டானே தவிர உள்ளுக்குள் ஒரே உதறல். கடலில் எவ்வளவு பெரிய அலை வந்தாலும் அசையாதவனுக்கு உயரம் என்றால் ஆகவே ஆகாது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நர்மதாதான் ஏணி ஏறுவாள். போதாக்குறைக்கு மலையில் அட்டை உண்டு, கரடி உண்டு, யானை உண்டு. ஒரே ஒரு ஆறுதல், காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை பர்மிட் வேண்டும். கம்ப்யூட்டரில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும், லேசில் கிடைக்காது என்று ரவிக்குமாரே சொல்லியிருந்தான். கிடைக்காவிட்டால் குற்றம் வெற்றியுடையது இல்லையே. மீசைக்கும் பங்கம் இல்லை.

"நான் எடுத்துத் தரேன் மாமா," என்றாள் நர்மதா.

மீன் ஏலத்தில் அவளை ஜெயித்தவர்கள் கிடையாது. வஞ்சிரம் வேண்டுமென்றால் சங்கராக் கூடையைத்தான் முறைத்துக்கொண்டு நிற்பாள். மற்றவர்கள் சங்கராவுக்கு அடித்துக்கொள்ளும் நேரத்தில் வஞ்சிரம் அவள் கூடைக்குப் போயிருக்கும். டீக்கடையில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவனே வெற்றிதான். இப்போது நினைத்தால் பகீர் என்றது.

ஆனால் அவனும் லேசுப்பட்டவனா? பர்மிட்டுக்கு ஆதார் கேட்பார்கள் என்று தெரிந்த மறுநிமிஷமே ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனான். தன் ஆதார் அட்டையைப் படகில் ஐஸ் பெட்டிக்கு அடியில் சொருகிவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தான்.

"உன் ஆதாரு எங்க மாமா?"

"இங்கதான் வெச்சேன். காணமே."

"நல்லாத் தேடு."

தேடினான். பீரோவில் தேடினான், அரிசி டின்னில் கைவிட்டுத் தேடினான். தொலையாத பொருளை அவ்வளவு உருக்கமாக யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் தட்டில் சோற்றை வைத்துவிட்டு அவள் சொன்னாள். "பர்மிட்டு கெடச்சிருச்சி மாமா. ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேருக்கா?"

"ஒத்த ஆளாப் போனா யானைக்கு யாரு பதில் சொல்றது?"

ஆதார் இல்லாமல் எப்படி வாங்கினாள் என்று கேட்கவும் பயம்; கேட்டால் ஐஸ் பெட்டி வெளியே வந்துவிடும். அன்றிலிருந்து கண்ணை மூடினால் யானை, திறந்தால் ரவிக்குமார். ஒரு நாள் கனவில் யானையே சவரக்கத்தியோடு வந்தது. பாவம், மனிதன் நிஜமாகவே இளைத்துப்போனான்.

"இன்னொண்ணு கீது மாமா," என்றாள் நர்மதா. "டாக்டராண்ட சர்டிபிகேட்டு வாங்கணும். பிரசரு கிஷரு இருந்தா ஏற உட மாட்டாங்களாம்."

வெற்றியின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. டாக்டரிடம் வா என்று அவள் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் போகாதவன், "அடுத்த வாரம் கண்டிப்பாப் போறேன்," என்றான். அந்த ஒரு வாரமும் கருவாட்டுக் குழம்பு, கருவாட்டு வறுவல், அப்பளம், மாங்காய் ஊறுகாய்.

"இன்னும் கொஞ்சம் உப்புப் போடுமே."

அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். வெற்றியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி காற்றடித்தார். "மலையா? மொதல்ல உப்ப நிறுத்துங்க. மாத்திரை எழுதறேன். தெனம் காலையில நடங்க."

தெரு முனை வரைக்கும் துள்ளிக்கொண்டு வந்தவன், வாசலில் துள்ளலைக் கழற்றிவிட்டுச் சோகத்தை மாட்டிக்கொண்டான். "நான் ரெடிதாம்மே. ஒடம்பு ரெடியா இல்லியாம். டாக்டரு கூடாதுன்ட்டாரு."

"போனாப் போவுது மாமா. ஒடம்புதான் முக்கியம்." நர்மதா மீனை அலசுவதை நிறுத்தவில்லை. "அப்ப மீசைய எப்ப எடுக்கற? ரவி கேட்டுகினே கீறான்."

யானை போய்விட்டது. மீசை நின்றுகொண்டிருந்தது. வெற்றி அவசரமாக ரவிக்குமாருக்குப் போன் போட்டான்.

"பிரசருக்கும் பந்தயத்துக்கும் இன்னா மாமு? உன்னால முடியலன்னா வூட்ல வேற ஆள அனுப்பு," என்றான் அவன்.

வீட்டில் வேறு ஆள் யார்? வெற்றி திரும்பிப் பார்த்தான். குரலில் தேன் வழிந்தது.

"நர்மதா, நீ போயேன்."

"நானா? மீன் விக்கிறவளுக்குக் காட்ல இன்னா வேல?"

"அது போன வருசம்மே."

"தனியா எப்புடிப் போறது?"

"என் எடத்துல ஜீனத்த இட்டுகினு போ."

"பேர மாத்திக் குடுப்பாங்களோ இன்னாவோ."

"கொஞ்சம் கேட்டுப் பாரு கண்ணு."

"என் கடைய யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

"மீன் ஆயணும்."

"ஆயறேன்."

"போட்டு டிரைவரு பொம்பளைங்க வரிசைல குந்திகினு செதில் எடுக்கறான்னு சிரிப்பாங்க. வோணாம் மாமா."

"சிரிக்கட்டும்மே. மீசையோட குந்திக்கிறேன்."

நர்மதா பெருமூச்சு விட்டாள். "நீதான் போவச் சொன்னேன்னு நாலு பேராண்ட நீயே சொல்லணும். நானா ஆசப்பட்டுப் போனேன்னு பேரு வரக்கூடாது."

ரவிக்குமாரிடம் சொன்னான். டீக்கடையில் சொன்னான். ஜீனத் வீட்டு வாசலில் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். "நீங்க இவ்ளோ சொல்றதுனால வரேண்ணே," என்றாள் ஜீனத்.

கிளம்புகிற அன்று இரண்டு பேர் காலிலும் பூட்ஸ் இருந்தது. குதிகால் தேய்ந்து நன்றாகப் பழகிய பூட்ஸ். அப்போதாவது அவன் யோசித்திருக்கலாம். மடித்த கொடியை அவள் பையில் பத்திரமாக வைப்பதிலேயே அவன் கவனம் போய்விட்டது.

நாட்டுப்படகு மீன் விற்கும் கடை வரிசையில் பக்கத்துக் கடை குப்பம்மா அவனுக்கு அரிவாள்மனையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மீன் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மீனைப் பிடித்து நறுக்கத் தெரியவில்லை. சங்கராவைவிட விரல் அதிகமாக வெட்டுப்பட்டது. மதியம் உப்பில்லாத கஞ்சி, அதற்கு மேல் மாத்திரை. "நர்மதா புருஷனா நீ? சீக்கிரம் ஆயு, பஸ்ஸு வருது," என்று ஒரு அம்மாள் அதட்டினாள். எல்லாவற்றையும் மீசைக்காகப் பொறுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் போனில் படம் வந்தது. மலை உச்சி. காற்றில் படகுக் கொடி. இரண்டு பக்கமும் நர்மதாவும் ஜீனத்தும், பல் தெரியச் சிரித்தபடி. வெற்றிக்கு நிஜமாகவே நெஞ்சு விம்மியது. செதில் ஒட்டிய கையால் மீசையை முறுக்கிக்கொண்டு போன் போட்டான்.

"மானத்தக் காப்பாத்திட்ட நர்மதா. ஆமா, கடைசி நேரத்துல என் பேர எடுத்துட்டு ஜீனத் பேர எப்புடிப் போட வெச்ச?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. அதையும் மீறி நர்மதாவின் குரல் கேட்டது.

"உன் ஆதாருதான் போட்டுல ஐஸ் பொட்டிக்கு அடியில கீதே மாமா, அது இல்லாம உனக்கு எவன் பர்மிட்டு குடுப்பான்?"