நகக்காரியின் மூன்று பலகைகள்

விலை வைக்கத் தெரியாத ஆட்களைத் திருகோணமலையில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் விலை வைப்பதையே ஒரு வியாதியாகக் கொண்டிருந்தவள் எங்கள் தெரு நகக்காரி ஒருத்திதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்திருக்கும். அதை விசாரிக்க எங்கள் தெருவில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்துக்காரியாக வேலை பார்த்த காலம். முப்பத்தெட்டு வயதுவரை தன் அண்ணன் வீட்டுக் குசினியில் அடுப்புப் புகை குடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கொழும்புக்குப் போய், நகம் வெட்டவும் பூசவும் ஆறு மாதம் படித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்து இறங்கினாள். வேலியில் மருதோன்றி சும்மா கிடைக்கிற ஊரில், காசு வாங்கிக்கொண்டு நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசப் போகிறாளாம். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா? அண்ணன் தன் வீட்டு முன்னறையை மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். அதற்குள் வாடகை வந்தால் அறை அவளுக்கு. வராவிட்டால் அறை அவருடைய சைக்கிள் கடைக்கு, அவள் பழையபடி குசினிக்கு. இந்த நிபந்தனை தெரு முழுக்கத் தெரியும்.

முதல் பலகையில், "இரண்டு கைக்கும் பத்து ரூபாய்" என்று எழுதி மாட்டினாள். அந்தக் காசுக்கு ஒரு குடும்பம் இரண்டு நாள் மீன் தின்னும். ஒரு மாதமாக அந்த அறைக்குள் ஈ இலையான்கூட நுழையவில்லை.

"அக்கா, விலையைக் குறையுங்கோவன்" என்றேன்.

"ஏலாது பிள்ளை. குறைச்சா எனக்குத் தொழில் தெரியாதெண்டெல்லோ சனம் நினைக்கும்."

"இப்ப மட்டும் தெரியுமெண்டே நினைக்குது?"

குறைக்காமலே குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது பலகை: "ஒரு விரலுக்கு ஒரு ரூபாய்." கணக்கு அதேதான். ஆனால் பத்து விரலையும் யார் நீட்டப் போகிறார்கள்? பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு கலியாண வீட்டார் வந்தார்கள். பெண், தாய், ஐந்து சகோதரிகள். ஏழு பேரும் ஆளுக்கு ஒரு மோதிர விரலை நீட்டினார்கள். கலியாணப் படத்தில் அதுதான் விழுமாம். ஏழு ரூபாய் சேர்ந்துவிட்டதென்று நகக்காரி துள்ளினாள். ஏழு விரலுக்கும் ஏழு நிறம் கேட்டு ஏழு போத்தலைத் திறக்க வைத்தார்கள் என்பதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இது போதாதென்று பலகையின் அடியில், "மீன் வெட்டும் கைக்கு ஐம்பது சதம் கூட" என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த அரை ரூபாய், வாடை போகக் கழுவும் சவர்க்காரத்துக்காம். மீன் விற்கிற பெண்ணொருத்தி பெட்டியை இறக்கிவைத்து அதை வாசித்தாள்.

"இஞ்ச பார், நான் வித்த மீனைத் திண்டுதானே நீ கொழும்பு போக வளந்தனி? வாடைக்கு நானெல்லோ உன்னட்டக் காசு கேக்கோணும்!"

அன்று முழுதும் நகக்காரி கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை என் வாசலில் நின்றாள்.

"பிள்ளை, உங்கட கந்தோரில கப்பலுக்கு என்னெண்டு காசு எடுக்கிறவை?"

நான் நக்கலாகத்தான் சொன்னேன். "கப்பலின்ர நீளத்தைப் பாப்பினம் அக்கா. பிறகு எவ்வளவு நேரம் நிக்குதெண்டு பாப்பினம். சாமான் இறக்கினாலும் இறக்காட்டியும் நிண்டதுக்குக் காசு."

மறுநாள் மூன்றாவது பலகை தொங்கியது. நகத்தின் நீளத்துக்கு ஒரு விலை, கதிரையில் குந்தியிருக்கிற நேரத்துக்கு ஒரு விலை! நீளத்தைத் தையல் நாடாவால் அளந்தாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எங்கே நீள நகம்? தேங்காய் துருவிச் சட்டி தேய்த்து விரல் நுனியோடு நின்ற நகங்கள் அவை. பத்து விரலுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் தேறாது. மற்றது, கதிரையில் அரை மணித்தியாலத்துக்கு ஐம்பது சதம். காசு கொடுத்துக் கதிரையில் இருக்க யார் வருவார்கள் என்று கந்தோர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஆறு பேர். மீன்காரியும் வந்தாள். கைகளை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே மணிக்கணக்காகக் கதைத்தார்கள். இதில் என்ன சுகம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மூன்றாம் மாதம் முடிந்த அன்று மத்தியானம், பலகையைக் கழற்ற அண்ணன் சுத்தியலோடு வந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன். நடுக் கதிரையில் பத்து விரலையும் விரித்தபடி இருந்தது அவருடைய மனைவி.

"எழும்பும். பசிக்குது, சோறு போடும்" என்றார்.

"ஏலாதப்பா. கை காயேல்லை."

"எப்பக் காயும்?"

நகக்காரி குனிந்து, அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெல்ல ஊதினாள். "இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும் அண்ணை."

பூச்சு எப்போதோ காய்ந்துவிட்டது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நகக்காரி வாடகையைச் சில்லறையாகப் பொட்டலம் கட்டி அவர் கையில் வைத்தாள். ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பொட்டலமுமாக அவர் குசினிப் பக்கம் போனார். சட்டிகள் உருளும் சத்தம் கேட்டது.

கை காயாத பெண்ணிடம் தண்ணீர் அள்ளு, தேத்தண்ணி போடு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஓய்வைத்தான் அவள் அரை மணித்தியாலக் கணக்கில் விற்றிருக்கிறாள். கந்தோரில் உத்தியோகம் பார்த்த எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது. தெரிந்துதான் அந்த விலையை வைத்தாளா? இருக்காது. அவ்வளவு புத்தியுள்ளவள் மீன் வாடைக்கு விலை போடுவாளா?

பிறகு நானும் போனேன். கடித்துக் கடித்து என் விரல்களில் பூசுவதற்கு நகமே இருக்கவில்லை. நாடாவைப் பிடித்துப் பார்த்தவள் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, இருந்த கொஞ்சத்தில் பூசிவிட்டாள். எவ்வளவோ குறை சொல்லிவிட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் அவள் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு இருந்ததைப்போல, நான் வேறெங்கும் நிம்மதியாக இருந்ததில்லை.