ராமையாவின் வயலில் நான் கட்டிய அரண்மனை

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு நான் பொய் சொல்லத் தொடங்கினேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், கமராவுக்குப் பின்னால் நின்ற தயாரிப்பாளர் நிமிடத்துக்கொரு தடவை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். அவர் பார்த்தபோதெல்லாம் நானும் எட்டிப் பார்த்தேன்.

நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிது. வன்னிக் குளங்களைப் பற்றி விவரணப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் தர்மபுரத்தில் இறங்கி, ஊர் வரலாறு தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூட அதிபர் என்னைக் காட்டிவிட்டார். ஐந்தாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி படிப்பித்தது என் தகுதி. (அன்றைக்கு நல்ல சேலை உடுத்தி வந்திருந்தது மற்றத் தகுதி.)

எங்கள் ஊருக்கு வரலாறு மிகக் குறைவு. காடு வெட்டிக் காணி பிரித்துக் கொடுத்த குடியேற்றம் அது. நானே கலியாணம் முடித்துச் சாவகச்சேரியிலிருந்து வந்தவள்.

"காடு வெட்டின கதையைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"அது எப்ப, மிஸ்?" என்றார் தயாரிப்பாளர்.

"ஒரு முப்பது வருஷம் இருக்கும்."

கமரா ஓடவில்லை. "இன்னும் கொஞ்சம் பழசா ஏதாவது?"

வெள்ளைக்காரர் காலத்துக்குப் போனேன். கடிகாரத்தைப் பார்த்தார். வன்னியை ஆண்ட சிற்றரசர்களிடம் போனேன். கொட்டாவியை விழுங்கினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னம் இங்கை ஒரு ராணி இருந்தவா" என்றேன்.

கமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணைந்துவிடக்கூடாது என்பதுதான் அதன் பிறகு என் ஒரே கவலை. ராணிக்கு அரண்மனை கட்டினேன். அரண்மனைக்குள் நீராட்டு மண்டபம் கட்டினேன். மண்டபத்துக்கு ஏழு படி வைத்தேன்.

"அது எங்க இருந்தது? கையை நீட்டிக் காட்டுங்க, மிஸ்."

கிழக்கே நீட்டியிருந்தால் குளம், ஒருவருக்கும் நட்டமில்லை. வெயில் கண்ணில் குத்தியதால் மேற்கே திரும்பி நீட்டினேன். அங்கே ராமையாவின் வயல் இருந்தது. வயல் மூலையில் புல் மூடிய ஒரு செங்கல் குவியல்.

படம் ஒளிபரப்பான அன்று கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் வீட்டில், கார் பற்றரியில் ஓடிய தொலைக்காட்சிக்கு முன்னால் ஊரே குந்தியிருந்தது. என் பெயருக்குக் கீழே 'வரலாற்று ஆய்வாளர்' என்று போட்டார்கள். என் எட்டு வயது மகள் கைதட்டினாள். பொய் சொன்னால் வாய் கோணிப்போகும் என்று அவளை வெருட்டி வளர்த்தவள் நான். வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக முல்லைத்தீவில் வேலை பார்த்த என் கணவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அவர் சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவார்.

ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை காலை, ஜீப் வந்தது. (இப்போது ஆமி ஜீப் சத்தத்துக்கு எல்லோரும்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் ஊருக்கு முந்தியே வந்துவிட்டது.) வவுனியாவிலிருந்து வந்த தொல்பொருள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் ராமையாவின் வயலைச் சுற்றிக் கட்டை அடித்துக் கயிறு கட்டினார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்க்க ஒரு மாதமாகும், அதுவரை மண்வெட்டிகூட விழக்கூடாது என்றார்.

ராமையா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்தவர். பரம்பரையில் முதன்முதலாகச் சொந்தமாகக் கிடைத்த நிலம் அது. வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, வெத நெல்லு சாக்குல மொளை விட்டுருச்சுங்க. நாளைக்குள்ள வெதைக்கலைன்னா மாட்டுக்குத்தான். நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த ராணியம்மா வேற எடம் பாத்திருக்கக் கூடாதுங்களா?"

அவர் திட்டியிருக்கலாம். திட்டாததுதான் என்னை வயலுக்கு ஓட வைத்தது. மகளும் பின்னால் ஓடி வந்தாள்.

"சேர், நான் ரீவியிலை சொன்னது பொய்."

உத்தியோகத்தர் சிரித்தார். "அயலட்டைச் சனத்துக்காகச் சொல்லுறீங்கள். விளங்குது ரீச்சர்."

"ஐயோ, உண்மையாவே பொய் சேர்!"

அவர் கோப்பைத் திறந்தார். நான் சொன்னது முழுவதும் தட்டச்சில் இருந்தது. "இவ்வளவு விவரமா ஆரும் பொய் சொல்லுவினமோ? எத்தினை படியெண்டும் சொல்லியிருக்கிறீங்கள்." (எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது கொஞ்சம் கூட்டிக் கதைத்தால், "எத்தினை படி?" என்றுதான் மற்றவர்கள் கேட்பார்கள்.)

"அப்ப இந்தக் கல்லெல்லாம் எங்காலை வந்தது?" என்றார் அவர்.

எனக்குத் தெரியாது. கூடி நின்றவர்களைக் கேட்டேன். அந்தப் பக்கத்துக் குடிகள் எல்லோரும் ராமையாவோடு வந்தவர்கள். "நாங்க வர்றப்பவே கெடந்துச்சுங்க" என்றார்கள் ஒவ்வொருவராக. உத்தியோகத்தர் அதையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அரண்மனைக்குச் சாட்சி கூடிக்கொண்டே போனது. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், கோணுகிறதா என்று.

அப்போதுதான் மத்தியான பஸ்ஸில் இறங்கிய என் கணவர், சனக்கூட்டத்தைக் கண்டு, குடையும் பையுமாக வரம்பில் நடந்து வந்தார். என்ன நடந்தது என்று ஆளுக்காள் சொன்னார்கள். அவர் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதிரண்டும் சிவந்துவிட்டன.

"சேர், இது அரண்மனை இல்லை. சூளை. நான் சுட்டது. அப்ப இது ஆளில்லாக் காணி. பாதி வேகேக்கை மழை அடிச்சுப்போட்டுது."

குடையை ராமையாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு கல்லை இழுத்தெடுத்து இரண்டு கையாலும் நெரித்தார். அது மண்ணாக உதிர்ந்தது. உத்தியோகத்தர் இன்னொன்றை எடுத்தார். அதுவும் உதிர்ந்தது. ஆய்வாளரை ஒரு மணித்தியாலமாக நம்பாத மனிதர், சூளை பிழைத்துப்போன மனிதரை ஒரு நிமிடத்தில் நம்பிவிட்டார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ராமையா குடையோடேயே விதைநெல் சாக்குக்கு ஓடினார்.

நான் வரம்பில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்வீடு வெக்கை, மண்சுவர்தான் குளிர்ச்சி என்று பத்து வருடமாக எனக்குப் பாடம் எடுத்து வந்தவர் இவர்.

உத்தியோகத்தர் கோப்பை மூடிக்கொண்டே கேட்டார்: "சூளை போட்டதை ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ ஐயா?"

என் கணவர் குரலைத் தாழ்த்தினார், நான் பக்கத்தில் நிற்பதே தெரியாதவர் போல.

"கல்வீடு கட்டித் தாறன் எண்டுதான் சேர் இவாவைக் கட்டினனான். சூளை பிழைச்சுப்போனதை இவாவுக்கு இன்னும் சொல்லேல்லை."