பச்சை அட்டைக்காரி யாருடன் உட்காருவது?

நசரத்பேட்டை,
வெள்ளிக்கிழமை மாலை.

'எல்லா மாணவர்களுக்குமான பாடத் திட்டங்கள்' இணையதளத்தின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு ஷிபா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் இணையதளமும் நலம் என்று நம்புகிறேன். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். உங்கள் கருத்துப் பெட்டியில் இருநூறு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. என் பெயரும் வணக்கமுமே பாதியைத் தின்றுவிட்டன. அதனால்தான் தபால்.

எங்கள் அறிவியல் ஆசிரியை வடிவு மிஸ் உங்கள் தளத்தைப் பார்த்துத்தான் ஒரு மாதமாகப் பாடம் நடத்துகிறார். அதில் சொன்னபடி, கண்பார்வை குறைந்த ஜஸ்டினுக்குக் கொட்டை எழுத்தில் தாள் அடித்துக் கொடுத்தார்; இப்போது அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் அந்த மூன்று அட்டைகளைப் பற்றியது. புரிந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், புரியாவிட்டால் சிவப்பு. மஞ்சளும் சிவப்பும் பிடித்தவர்களோடு ஜோடி சேர்ந்து பேசிப் பேசிப் படிக்கலாம். பச்சை, கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கூடுதல் பயிற்சித் தாள் எழுத வேண்டும். முதல் நாள் பன்னிரண்டு பச்சை. இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாளிலிருந்து நான் மட்டும். எல்லாப் பாடத்திலும் முதலில் முடிக்கும் பிரசன்னாகூடச் சிவப்பைத் தூக்கினான். "உனக்குத்தான் ஒளிச்சேர்க்கை தெரியுமே?" என்று கேட்டேன். "தெரியும். பச்சை தூக்கினா யார்கூட பேசறது? நீ தூக்கு, உனுக்கு இன்னா, ஜோடியா கீது?" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாங்கள் ஜூன் மாதம்தான் மேலப்பாளையத்திலிருந்து வந்தோம்; இங்கே எல்லாரும் எல்.கே.ஜி.யிலேயே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். இதுவரை பதினான்கு கூடுதல் தாள்கள் எழுதிவிட்டேன். பதினைந்தாவது உங்கள் தளத்திலேயே இல்லை என்று மிஸ் வருத்தப்பட்டார்.

அதனால் இன்று நான் சிவப்பைத் தூக்கினேன். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். யாராவது ஒருவர் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. "ஷிபாவுக்கே புரியலையா? அப்ப நான்தான் தப்பா நடத்தியிருக்கேன்!" என்று எல்லா அட்டைகளையும் வாங்கிக்கொண்டு, ஜோடிகளைக் கலைத்துவிட்டு, பாடத்தை முதல் வரியிலிருந்து நடத்தினார். விளையாட்டுப் பீரியடும் அதிலேயே போய்விட்டது. நாற்பத்திரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "யம்மா தாயே, ஒரு சிவப்பு தூக்கி மொத்த கிளாஸையும் காலி பண்ட்டியே!" என்றான் பிரசன்னா. மறுபடியும் கடைசி பெஞ்சுக்கே போனேன். வாப்பா வேலை முடிந்து வந்து கூட்டிப்போக ஐந்தரை ஆகும். அதுவரை வகுப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் பணிவான வேண்டுகோள்: நான்காவதாக ஓர் அட்டை சேர்க்க வேண்டும். நிறம் எதுவானாலும் சரி. 'எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் பக்கத்தில் யாராவது உட்காரலாம்' என்று அதற்கு அர்த்தம் இருக்க வேண்டும். முடியாவிட்டால் மூன்றையும் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் இணைய இணைப்பு அறுபடாமலும், நீங்கள் குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

பணிவன்புடன்,
ஷிபா

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க எங்கள் வகுப்பு ரோஷினி வந்தாள். "இன்னாடி, ஊட்டுக்குப் போவல? யாருக்கு லெட்டர்?" என்றாள். ஓர் இணையதளத்துக்கு என்றேன். "அது பதில் போடுமா?" என்றாள். தெரியாது என்றேன். "தள்ளு. வேன் வர இருவது நிமிஷம் ஆவும். நீ எயுது, நான் சும்மா குந்திகினு கீறேன்" என்று பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் தோள் என் கையில் இடிக்கிறது. கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும். இப்போது பெருக்க வந்த துலுக்கானம் ஆயா, "ரெண்டு பேரும் எயுந்திரிங்க, பூட்டணும்" என்று சொல்லி, விளக்குகளை அணைத்துவிட்டார்.