தாசில்தாரின் ஒருநாள் சுற்றுப்பயணம்

கரடி பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றமாட்டேன் என்று நான் சபதம் செய்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாபநாசம் போய்க்கொண்டிருந்தது. சன்னலோரம் வேண்டுமென்று கேட்டவன் நான். கிடைத்தது அதற்கு.

கரடியின் பெயர் தாசில்தார். என் மகள் அனுராதா நாலு வயதில் வைத்தது. தொப்பையைப் பார்த்து வைத்தாளா, வீட்டில் நான் எந்நேரமும் புலம்பிய வார்த்தை அது ஒன்றுதான் என்பதால் வைத்தாளா, தெரியாது. நான் ஆவுடைநாயகம், துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். ஆயுசு முழுக்கக் காத்திருந்தும் எனக்கு வராத பதவி, அந்தக் கரடிக்குக் கடையிலிருந்து வந்த அன்றைக்கே வந்துவிட்டது. அதுவும் இடமாறுதல் இல்லாத பதவி.

அனு இப்போது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறாள். புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிவிட்டது. எதையாவது எடுத்தால்தான் ஆச்சு என்றார்கள். இட்லிப்பொடி விமானம் ஏறிற்று. தாசில்தார் எங்களோடு வண்ணார்பேட்டை வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் அவள் வரவில்லை. இந்த வருஷமும் லீவு இல்லை என்று பொங்கலன்று சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. நானும் என் மனைவி கோமுவும் மிச்சமான குழம்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

அந்த வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது கோமு சொன்னாள்:

"அனு பேசினா. அங்க வசந்தமாம். எல்லாரும் தோட்டந் தோட்டமாப் போறாவளாம். நம்ம தாசில்தாரையும் ஒரு நா வெளிய கூட்டிட்டுப் போயி, படம் எடுத்து அனுப்பச் சொன்னா."

"யாரை?"

"தாசில்தாரை."

"ஏட்டி, நான் ஜீப்புல போன ரோட்டுல பொம்மையோட போகவா? நாலு பேரு என்ன நினைப்பான்?"

"நாலு பேரு புள்ளையா கேக்கு? நம்ம புள்ளைல்லா கேக்கு!"

சரி என்று தலையாட்டினேன். ஆனால், இடத்தைப் பார்க்காமலே பார்த்ததாகக் காட்டுகிற கலை எனக்குக் கொஞ்சம் வரும். மறுநாள் விடிந்ததும் தாசில்தாரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் வளர்க்கும் செடிகள் பின்னால் தெரிய ஒரு படம்: களக்காடு. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு படம்: பாபநாசம். வேப்பங்கிளை உரசுகிற மூலையில் ஒன்று: அம்பாசமுத்திரம். பல் தேய்ப்பதற்குள் மூன்று ஊர். பெருமையாகக் கீழே வந்து போனை நீட்டினேன்.

கோமு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"களக்காடா இது?"

"களக்காடேதான். கருக்கல்ல போயிட்டு வந்துட்டேன்."

"களக்காட்டுல வைத்தியலிங்கம் அண்ணாச்சி பனியன் காயுதே, என்ன விசேஷம்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். காய்ந்துகொண்டுதான் இருந்தது. ஓட்டை உட்பட.

"நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். காருக்குச் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழம போறோம்."

"போறோமா? நீயுமா?"

"உங்களை நம்பித் தாசில்தாரைத் தனியா அனுப்பவா?"

கார் ஓட்டியவர் முகம்மது சுல்தான். நாங்கள் ஏறியதும் கரடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கரடியிடம், "சாருக்கு ஏசி போதுமா?" என்று கேட்டார்.

மாசிக் கடைசி. வெயில் இன்னும் முழுப் பொறுப்பு ஏற்கவில்லை. சாலையோரப் புங்கமரங்கள் பளபளவென்று தளிர்விட்டிருந்தன. வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இறங்கினோம். தலைக்கு மேலே ஒரே பூ. நான் தாசில்தாரைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். யாராவது கேட்டால், வழியில் கிடந்தது என்று சொல்வதாகத் திட்டம்.

"காதைப் பிடிக்காதிய. புள்ளைய அப்படித்தான் தூக்குவியளா?" என்றாள் கோமு.

பாபநாசத்தில் தாசில்தாரைப் படித்துறையில் உட்காரவைத்தேன். படத்தில் ஆறும் தெரியட்டுமே என்று ரெண்டடி பின்னால் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்தது. தாசில்தாரை இடுக்கிக்கொண்டு மருதமரத்தில் ஏறிவிட்டது.

"ஏய்! விடு! தாசில்தாரைத் தூக்கிட்டுப் போகுது! ஐயோ, தாசில்தாரு!"

குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கரையேறினார்கள்.

"தாசில்தாரையா? எந்தூரு தாசில்தாரு?"

"போலீசுக்குச் சொல்லுங்கவே!"

குரங்கு கிளையில் உட்கார்ந்து காதை இழுத்துப் பார்த்தது. ஏற்கெனவே ஒரு முறை பிய்ந்த காது அது. அன்று அனு சாப்பிடாமல் அழுது, கோமு தைத்துக் கொடுத்த பிறகுதான் தூங்கினாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். நிஜத் தாசில்தார்களைக்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை. கடைசியில், மத்தியானத்துக்குக் கொண்டுவந்திருந்த வடை அத்தனையையும் தரையில் பரப்பினேன். குரங்கு யோசித்தது. பதவியா, வடையா? வடை ஜெயித்தது.

விழுந்தவரைக் கையில் ஏந்தினேன். அப்படியே முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காதுக்குள் அனுவின் பவுடர் வாசனை இன்னும் இருந்தது. இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேனோ என்னவோ. படித்துறை முழுக்க என்னைத்தான் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன்.

திரும்பினால், கோமு கடைசிப் படியில் உட்கார்ந்து, ஆற்றில் காலை விட்டுக்கொண்டு, போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்குகிற சிரிப்பு. அனுவை விமானம் ஏற்றிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது களக்காட்டு வழி. சாயங்கால வெயிலில் வாழைத்தோட்டம். தாசில்தாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். "அங்கன பாத்தியா, அதுதான் செவ்வாழை. குலை தள்ளியிருக்கு பாரு. பைய, விழுந்துராத." நான்தான் பேசினேன். சின்ன வயதில் இதே தோளில் சாய்ந்துகொண்டுதான் அனு எல்லா மரத்துக்கும் பெயர் கேட்பாள். சுல்தான் பார்த்தும் பாராதவர்போல டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கார் புறப்பட்டதும் மகளைக் கூப்பிட்டேன்.

"அனு, உன் ஆளுக்கு ஊரெல்லாம் காட்டியாச்சு. திருப்தியா?"

"எப்பா, அம்மா அனுப்பின படமெல்லாம் இப்பதான் பாத்தேன். என்னப்பா இது, பொம்மையத் தூக்கிட்டு அலையுதிய!"

"நீதானம்மா கேட்டே?"

"நானா? நான் எப்பப்பா கேட்டேன்?"

கோமுவைப் பார்த்தேன். அவள் சன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு நான் கேட்டா உங்களுக்கு முட்டு வலிக்கும். அதான் ஆளை மாத்திக் கேட்டேன்."

பொய்யில்லை. பொங்கலுக்கு அப்புறம் அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு முட்டு வலித்தது. மகள் இல்லாமல் எங்கே போய் என்ன செய்ய என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், முட்டுவலி என்று சொன்னேன்.

போனில் அனு, "எப்பா, அந்த மரத்தடிப் படத்துல... அதை ஏன் இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கிய?" என்றாள்.

"கை வழுக்குச்சு, அதான்."

"ம்" என்றாள். "நானும் வந்திருக்கலாம்பா."

கோமு போனை வாங்கி, சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சுல்தான் கேட்டார்: "அண்ணாச்சி, வார ஞாயிறு உடன்குடிக்கு எப்ப வண்டியக் கொண்டாரணும்? மதினி காலையிலேயே சொல்லிட்டாவ."

"உடன்குடிக்கா? அங்க போகணும்னு யாரு கேட்டா?" என்றேன்.

கோமு கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்குல்லா. யாராவது கேப்பாவ."