வாரண்டி உள்ள வண்டியும் வாரண்டி இல்லாத நானும்

இனிமேல் எந்தச் சைக்கிளும் என்னை முந்தக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை மாலையில் நான் சபதம் எடுத்தேன்.

காரணம் எங்கள் தெரு. அது தெருவே அல்ல, சுவரில் சாய்த்து வைத்த ஏணி. அதன் உச்சியில் எங்கள் வீடு. 'நல்லா காத்து வரும்' என்று சொல்லித்தான் விற்றார்கள். காற்று வந்துவிடுகிறது. கார்தான் வருவதில்லை. புதுக் கார்தான், ஆனால் சின்ன இன்ஜின். மேட்டைக் கண்டதும் முக்கும், முனகும், பாதியில் நின்று 'இதுக்கு மேல நீயே நடந்துக்கோ' என்பது போல ஒரு பெருமூச்சு விடும்.

அன்றைக்கு நானும் மனைவியும் பாதி மேட்டில் முக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தார். நரைத்த தலை. பின்னால் ஒரு மூட்டை முட்டைக்கோஸ். நிதானமாக எங்களை முந்தினார். முந்தியதோடு போயிருந்தால் மன்னித்திருப்பேன். திரும்பிப் பார்த்து, "தள்ளி விடணுமா சார்?" என்றார்.

என் மனைவி ஜன்னலை இறக்கி, "வேணாங்க, பழகிடுச்சு" என்றாள்.

அவள் சொன்னது காரையா, என்னையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிடுகிறவன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுக்கு ஏற முடியாமல் ஒரு முட்டைக்கோஸிடம் தோற்றால் மானம் போகுமா, போகாதா? போயிற்று. மறுநாளே மெக்கானிக்கைத் தேடிப் போனேன்.

அவரை எல்லோரும் 'பத்து நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையைக் கொடுத்தாலும் "பத்து நிமிஷம் சார்" என்பார். சிலருடைய கார்கள் அந்தப் பத்து நிமிஷத்துக்காக இரண்டு மழைக்காலமாக அவர் பட்டறையில் காத்திருக்கின்றன.

"இன்ஜினும் நம்மள மாதிரிதான் சார். மூச்சு விட்டாத்தான் வேலை செய்யும். மேட்டுல அதுக்கு மூச்சு பத்தல. ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டிடுவோம்."

"அது என்ன பண்ணும்?"

"வெளிக்காத்தை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள்ள திணிக்கும். கூடவே கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டி விடணும். அப்புறம் நீங்க மேட்டைப் பார்க்க மாட்டீங்க. மேடு உங்களைப் பார்க்கும்."

"கம்பெனி வாரண்டி என்னாகும்?"

"வாரண்டி வண்டிக்கு சார். வேகம் நமக்கு."

இந்தத் தத்துவத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனேன். அங்கே அது எடுபடவில்லை.

"ஏம்மா, நம்ம காருக்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடலாமா?"

"வீட்ல இருக்கிற சார்ஜரையே சுவத்துலயே விட்டுட்டுப் போயிடுறீங்க. கார்ல வேற எதுக்கு?"

"அது போனுக்கு. இது காத்து சமாச்சாரம்."

"காத்தா? பங்க்குலதான் சும்மா அடிக்கிறாங்களே."

"அது டயருக்கு. இது இன்ஜினுக்கு."

"கம்பெனியில மாட்டித் தருவாங்களா, வெளியிலயா?"

"வெளியிலதான்…"

"அப்ப வாரண்டி?"

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். எப்பேர்ப்பட்டவனையும் வாயைத் திறக்க வைப்பது அவள் தொழில். அவள் உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை: வாரண்டி உள்ளவை, வாரண்டி இல்லாதவை. முதல் வகை எங்கள் கார். சீட்டில் ஒட்டிவந்த பாலிதீன் உறையை இன்னும் கிழிக்க விடவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும், எழுந்தால் கூடவே வரும். இரண்டாவது வகை நான்.

"வாரண்டி முடியுற வரைக்கும் அந்தக் கார்ல ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டக் கூடாது. இன்ஜின்ல வெளியாள் கை வெச்சா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சிடும். இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? 'வெளியாள் கை வெச்சா வாரண்டி செல்லாதுங்க' என்று லிஃப்டுக்குள் சிக்கிய மனிதர்களிடம்கூடக் கறாராகச் சொல்கிறவன் நான். ஆனால் அது ஊருக்கு. நமக்கென்று வரும்போது நியாயம் கொஞ்சம் வளைந்துதானே கொடுக்க வேண்டும்?

"சரி, விடு" என்றேன். அவள் விட்டாள். நான் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று துணைக்குப் போனாள். ரயில் நகர்ந்ததும் நான் கையாட்டினேன். ரயில் மறைந்ததும் பட்டறையில் இருந்தேன். 'பத்து நிமிஷம்' இரண்டு நாளில் வேலையை முடித்தார். அவர் வரலாற்றிலேயே அதுதான் வேகமான வேலை. என் போனஸ் முழுவதும் காற்றுக்கே செலவானது.

ஆனால் அந்த முதல் ஓட்டம் இருக்கிறதே! கால் வைத்தேன். 'உய்ய்ய்ங்' என்று மெல்லிய விசில். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. தெருவிளக்குக் கம்பங்கள் எல்லாம் அவசரமாக வீட்டுக்குப் போவது போல் பின்னால் ஓடின. பாதி மேட்டில் அதே நரைத்தலைக்காரர், அதே சைக்கிள். 'தள்ளி விடணுமா?' என்று கேட்க ஜன்னலை இறக்கினேன். அது இறங்கி முடிப்பதற்குள் என் வீடு வந்துவிட்டது.

காரை விட்டு இறங்கி, ஆள் இல்லாத தெருவில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் நிமிர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனிலிருந்து மனைவியைக் கூட்டிவரும்போது பூனை மாதிரி ஓட்டினேன். ஆனாலும் மேட்டில் விசில் கேட்டுவிட்டது.

"என்னங்க சத்தம்?"

"காத்தும்மா."

"ஜன்னல் மூடியிருக்கே."

"அதான், உள்ள வர முடியலன்னு கத்துது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள். "இன்னைக்கு வண்டி சிணுங்காம ஏறுதே" என்றாள்.

"நீ ஊர்லேர்ந்து வந்த சந்தோஷம்."

அவள் சீட்டில் சாய்ந்துகொண்டாள். என்னை நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சிரமம்தான். ஆனால் இன்ஜினை மூடும் பானட்டுக்குள் மறைப்பது சுலபம். எந்த மனைவி பானட்டைத் திறந்து பார்க்கிறாள்?

ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். அடுத்த வாரம் ஜன்னல் கெட்டது.

அன்றைக்குக் காரை அவள் எடுத்துப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து சாவியை மாட்டிக்கொண்டே, "இடது பக்கத்து ஜன்னல் இறங்கிடுச்சு, ஏற மாட்டேங்குது" என்றாள். எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை, அடுத்த வாக்கியம் வரும்வரை.

"நல்லவேளை, வாரண்டி இருக்கு. நாளைக்கே சர்வீஸ் சென்டர்ல விட்டுடலாம்."

எனக்குள் ஒரு லிஃப்ட் கம்பி அறுந்து விழுந்தது.

"நாளைக்கா? எதுக்கு அவசரம்? ஜன்னல் திறந்திருந்தா காத்து வரும்ல?"

"காத்து வரும், மழையும் வரும்."

"மேகமே இல்லையே."

மறுநாள் மேகம் இருந்தது. மழையும் இருந்தது. கார் ஓட்டியது அவள். இடது பக்கம் உட்கார்ந்தது நான். காருக்குள் குடை விரித்துக்கொண்டு போன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். சிக்னலில் பக்கத்துப் பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பாலிதீன் உறையில் தண்ணீர் தேங்கி, ஆபீஸ் வாசலில் நான் இறங்கியபோது பின்பக்கம் மட்டும் நீச்சலடித்தவன் போல இருந்தது.

"வாரண்டியில சும்மா சரி பண்ணித் தருவாங்க. ஏன் வேணாங்கிறீங்க?" என்றாள் வழக்கமான குரலில்.

"வேணாங்கலம்மா. நானே கொண்டுபோறேன். உனக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கு என்ன சிரமம்? வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். பானட்டைத் திறந்து எல்லாத்தையும் ஒரு தடவை செக் பண்ணித் தரச் சொல்லியிருக்கேன்."

பானட்டை!

அதிலிருந்து வெள்ளிக்கிழமை வரை நான் பட்ட பாடு நாய் படாது. அவள் மனதை மாற்றப் பாத்திரம் துலக்கினேன். துணி மடித்தேன். அவள் அலமாரியில் புடவைகளை நிறவாரியாக அடுக்கினேன். பரணைச் சுத்தம் பண்ணு என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏறினேன். எட்டுக்கால் பூச்சிகள் என்னைப் பார்த்துத் திகைத்துப் போயின.

"என்னங்க திடீர்னு இவ்வளவு அக்கறை?"

"சும்மா, உன்மேல பிரியம்."

"அப்படியா? பாத்ரூம் குழாயும் சொட்டுது."

அதையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் தள்ளிப் போகவில்லை.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். "கழட்டிடுங்க. மாட்டின சுவடே தெரியக் கூடாது."

"பத்து நிமிஷம் சார்" என்றார். இருட்டுவதற்குள் முடித்தும் விட்டார். நத்தை மாதிரிச் சுருண்டிருந்த அந்தச் சூப்பர்சார்ஜரைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல அலமாரியில் வைத்தார். "பத்திரமா இருக்கட்டும் சார், வேண்டியவங்க வருவாங்க" என்று ஒரு மாதிரி சிரித்தார். எனக்கிருந்த பதற்றத்தில் அந்தச் சிரிப்பை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் பழையபடி பாதி மேட்டில் முனகியது. என்னோடு சேர்ந்து அழுவது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பீரமாக, "போயிட்டு வா. பானட்டை நல்லாத் திறந்து பார்க்கச் சொல்லு" என்றேன்.

"எதுக்குப் போகணும்?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு காரிடம் போனாள். கைப்பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ அமுக்கினாள். பட்டனைத் தட்டினாள். இடது ஜன்னல் சமர்த்தாக மேலே ஏறி மூடிக்கொண்டது.

"என்னது அது?"

"ஃபியூஸ். நான்தான் பிடுங்கி வெச்சிருந்தேன். பல் ஆஸ்பத்திரியில இருக்கிறவளுக்குப் பிடுங்கவா தெரியாது? லிஃப்ட் நின்னா முதல்ல ஃபியூஸைப் பார்க்கச் சொல்ற மனுஷன், இதைப் பார்ப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்கதான் குடை பிடிக்கிறதுலயே குறியா இருந்தீங்க."

என் வாய் தானாகத் திறந்தது.

"வைப்பருக்குத் தண்ணி ஊத்த பானட்டைத் திறந்தேங்க. உள்ளே அலுமினியத்துல இவ்வளவு பெரிய நத்தை உட்கார்ந்திருக்கு! படம் எடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிக் கேட்டேன். 'ஜன்னல், சீட்டு வாரண்டிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம், ஆனா இன்ஜின்ல ஏதாவது வந்தா நாங்க பொறுப்பில்ல, சீக்கிரம் கழட்டிடுங்க'ன்னாங்க."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வாதாடுவீங்க. கேட்காம விட்டா கழட்டுவீங்க. கழட்டினீங்களா இல்லையா? பரண்கூடச் சுத்தமாச்சு."

தோற்றவனுக்கும் ஒரு கௌரவம் உண்டு. அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தச் சாமானை வித்து, போட்ட காசையாவது தேத்திடுறேன்" என்றேன்.

"விக்க வேணாம். அதை எங்க அம்மா கார்ல மாட்டச் சொல்லிட்டேன். உங்க மெக்கானிக்குக்கு அன்னைக்கே போன் பண்ணிட்டேன். அம்மாவோடது நம்ம கார் கம்பெனியோட பழைய மாடல்தானாம், அதே இன்ஜினாம்."

"உங்க அம்மா காருக்கா? வாரண்டி?"

"அதுக்கு வாரண்டி முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. இனி யார் கை வெச்சா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய கார் எங்கள் மேட்டை ஒரே மூச்சில் ஏறி வாசலில் நின்றது. இறங்கிய மாமியாரின் முகத்தில் கோப்பையை வென்ற களை. டிக்கி நிறையப் பெட்டிகள்.

"மாப்பிள்ளை, வண்டி பறக்குது!" என்றார். "மேடு ஏற முடியலையேன்னுதான் இவ்வளவு நாள் வராம இருந்தேன். இனிமே இங்கேயே இருந்துடலாம்னு துணிமணியெல்லாம் கொண்டாந்துட்டேன்."