கதவு நான்கில் என் உடல்

தன் உடலைத் தானே அடையாளம் காட்டி, தானே அட்டையைத் தேய்த்து வாங்கிக்கொண்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்பதுதான் அதற்குக் காரணம்.

பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான் (இரண்டே பேர்தான் கலந்துகொள்வோம், அது வேறு விஷயம்). படிப்பு முடிந்ததும் ஒரகடம் தாண்டி, வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. துறைமுகத்திலிருந்து கண்டெய்னரில் கார் பாகங்கள் வந்து இறங்கும். அடுக்கி வைத்து, கார் ஃபேக்டரி கேட்கும்போது அனுப்ப வேண்டும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது அதுவரை ஏகாம்பரம் அண்ணன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவர் லீவு போட்டால் கிடங்கே லீவு. இதை மாற்ற ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதை ஓட வைப்பது என் பொறுப்பு.

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள்ள மொத லோடு சாஃப்ட்வேர்லயே வெளிய போவணும். போவலன்னா அதுவும் வேணாம், நீயும் வேணாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா என்னை ஃபேக்டரிப் பக்கம் அனுப்பவே சம்மதிக்கவில்லை. தணிகாசலம் மாமா, அவளுடைய தம்பி, கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுப்பி வைத்தார். "ஏதாவது ஒண்ணு ஆச்சு, அப்பறம் வூட்டோட கெடக்கணும்" என்பது அம்மா போட்ட நிபந்தனை.

சாஃப்ட்வேர் முழுக்க ஆங்கிலம். யாரும் கேட்காமலே நான் அதைத் தமிழாக்கினேன். காரின் பக்கவாட்டுத் தகடு, கூரை, கதவு எல்லாவற்றுக்கும் கிடங்கில் ஒரே பெயர், பாடி. "பாடி வந்துச்சா?", "பாடி ஏத்தியாச்சு" என்று நாள் முழுக்கக் கத்துவார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. (துணிக்கடையில் பெண்கள் நாங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் சொல்லை எப்படித் திரையில் போடுவது?) எனவே அழகாக 'உடல்' என்று மாற்றினேன். பெரிய தகட்டைத் தூக்க நான்கு ஆள் வேண்டும், அதனால் 'தூக்க நால்வர் தேவை'. அன்றைய கடைசி லாரிக்கு 'இறுதிப் பயணம்'. எழுதி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதோடு விட்டேனா? இதையெல்லாம் கூரை ஸ்பீக்கரில் படித்துச் சொல்ல ஒரு பெண் குரலையும் சேர்த்தேன். மூச்சே விடாமல் பேசும் குரல் அது.

வியாழக்கிழமை சோதித்துப் பார்க்கப் பொய்யாக ஒரு பதிவு போட்டேன். பெறுபவர் என்ற இடத்தில் என் பெயரையே கொடுத்தேன்; வந்து சேரும் இடம் கதவு நான்கு, நேரம் மறுநாள் காலை பதினோரு மணி. அழிக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஐப்பசி மழை. காலை பதினோரு மணிக்கே கிடங்குக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை நின்றது. அந்த அமைதியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"கோமதி. உடல் வந்து சேர்ந்தது. கதவு நான்கு."

பெட்டி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவு நான்கு கிடங்கின் கடைக்கோடியில் இருந்தது. அன்றைக்கு அங்கே எந்த வண்டியும் வரவில்லை. ஷட்டர் மூடித்தான் இருந்தது.

"இன்னாமா இது, உம்பேர சொல்லுது?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"டெஸ்ட்டுண்ணா. ஒண்ணுமில்ல" என்று சிரித்தேன். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. என் பெயரை அதற்கு முன்பு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓடிப் பதிவை அழிக்கப் பார்த்தேன். அழியவில்லை. திருட்டுப் போகக்கூடாது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். பெறுபவர் அந்தக் கதவுக்கே போய்த் தன் அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் ஷட்டர் திறக்கும், பதிவும் முடியும். அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவூட்டும். (எவ்வளவு அறிவு பாருங்கள்.)

"கோமதி. உடல் இன்னும் பெறப்படவில்லை. அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்."

நான் விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது முறை குரல் வந்தபோது வெளியே எந்தச் சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஃபோர்க்லிஃப்ட் நடு வழியில் நின்றது. எல்லோரும் முன்வாசலில் ஒதுங்கி நின்றார்கள். நான்காம் கதவுக்குப் போகும் வழியில் யாரோ ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

"அண்ணா, மணி பன்னண்டு ஆவப்போவுது. லோடு போவணும்."

"நீ மொதல்ல அத வாயமூட வைமா. அது ஆள கூப்புட்டுகினே கீது. நாங்க எப்படி உள்ள வர்றது?"

அப்போது அடுத்தது வந்தது. "கோமதி. உடல். தூக்க நால்வர் தேவை."

ஒருவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நான் எழுதிய வாக்கியம், என் பெயர், எல்லாம் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. வேறு வழியில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தேன்.

இரண்டு பக்கமும் முப்பதடி உயர அடுக்குகள். என் ஷூ சத்தம் எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டது. பாதி வழியில் இன்னொரு சத்தமும் கேட்டது. மூடிய ஷட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தொண்டை வற்றிப்போய், இழுத்து இழுத்து அழும் அழுகை. அந்த அழுகைக்கு நடுவே என் பெயரும் வந்தது.

திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடினால் வேலையும் போச்சு என்பது மட்டும் தலையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தேய்த்தேன். ஷட்டர் மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது.

முதலில் தெரிந்தது ஐந்து ஜோடிக் கால்கள். எல்லாம் வெறுங்கால், நனைந்து சேறு படிந்திருந்தன. பிறகு ஒரு மாலையின் நுனி. பிறகு தணிகாசலம் மாமா, அவரோடு எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர். நடுவில் அம்மா.

சோதனைப் பதிவில் கைபேசி எண்ணை நான் நிரப்பவில்லை. சாஃப்ட்வேர் தானாகவே என் பணியாளர் பதிவேட்டுக்குப் போய், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டது. அது மாமாவின் எண். ஸ்பீக்கரில் வந்த ஒவ்வொன்றும் அவருக்கு மெசேஜாகப் போயிருக்கிறது, நல்ல தமிழில். (ஆங்கிலத்தில் இருந்திருந்தால் லோன் விளம்பரம் என்று விட்டிருப்பார்.) என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அது வழக்கம்போல் கேட்டில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. மாமா மணிமங்கலத்தில் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, படப்பையில் மாலையும் வாங்கியிருக்கிறார். வழியில் 'நால்வர் தேவை' என்று வந்ததும் தன்னையும் சேர்த்து ஆண்களை எண்ணிப் பார்த்தாராம். சரியாக இருந்ததாம். கேட்டில் மெசேஜைக் காட்டியதும் செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு நான்காம் கதவைக் கைகாட்டியிருக்கிறார்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தாள். உட்கார்ந்து, இரண்டு ஷூவையும் கையால் தொட்டாள். தரைக்கும் ஷூவுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் படாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

"கீதுடா, காலு கீது" என்றாள் மாமாவிடம். எழுந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு, "துன்னியாடி?" என்று கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். நானும் அழுதேன். அவளை அந்த அரை மணி நேரம் அந்த வண்டியில் உட்கார வைத்தது என் அழகுத் தமிழ்தான்.

பின்னால் வந்து நின்ற ஏகாம்பரம் அண்ணன் மாமாவின் போனை வாங்கி மெசேஜைப் படித்தார். என்னைப் பார்த்தார். "பாடின்னு போட்டிருந்தா இங்க எவனாவது பயந்திருப்பானா?" என்றார். அப்புறம் திரும்பி, "பொண்ணு நல்லாத்தான் கீது, வண்டிய எடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் லோடு சாஃப்ட்வேர் வழியாகவே வெளியே போனது. மேனேஜர் என்னைத் திட்டி முடித்துவிட்டு வேலையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே 'உடல்' எல்லாம் 'பாடி' ஆனது.

மாலையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிவில் இல்லாத பொருளை வெளியே விடமாட்டேன் என்று செக்யூரிட்டி பிடிவாதம் பிடித்தார். 'மாலை, ஒன்று, கதவு நான்கு' என்று நானே பதிவு போட்டு அனுப்பினேன்.

இன்றைக்கும் வேலை முடிந்து நான் வீட்டு வாசலில் கால் வைத்தால், மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "அக்கா, உடல் வந்து சேந்துடுச்சு." வீடே சிரிக்கும். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. சமையலறையிலிருந்து எட்டி, முதலில் என் காலைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை வாசற்படியிலேயே நிற்பேன்.