பரிசீலனையில் இருந்த ஆமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று வரதர் பேரில் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார் அந்த மனுஷர். போன ஏகாதசியன்று சன்னதியில் நிற்கும்போதுதான் தோன்றியது. சொல்லக் கூடாது என்றுதானே சத்தியம்? எழுதக் கூடாது என்று இல்லையே! பெருமாளும் மறுப்பாக ஒன்றும் காட்டவில்லை. எழுதுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை, சென்சார் அண்ணன் பார்த்துச் சரி சொல்லாத எதுவும் இந்த உலகத்தில் நல்லதாக இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். பஜனை கோஷ்டிக்கும் அவர்தான் தலைவர். காலண்டரில் நடிகையின் இடுப்பு தெரிந்தால் திருமண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார். அப்படிப் பூசிப் பூசி, ஒரு வீட்டுக் காலண்டரில் தேதி மட்டும்தான் மிச்சம். ஒரு கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்ததும் டிவி முன்னால் துண்டை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணே, அது சடங்குண்ணே!"

"சடங்குக்கு எதுக்குயா சிரிப்பு?" என்றார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் கோதை சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. தெருப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சிரிப்பே போய்விட்டது. சென்னையிலிருக்கும் என் தம்பி, குடும்பத்தோடு குழந்தைகள் பார்க்கும் இணையதளம் ஒன்றைச் சொன்னான். கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டாம். நான் எட்டாவது வரை படித்தவள். உள்ளே என்ன இருக்குமோ என்று பயம். சென்சார் அண்ணனிடம் போனேன்.

"ரெண்டு நாள் குடும்மா. அலசிப் பாத்துட்டு சொல்றேன்."

ஒரு வாரம் ஆயிற்று. கேட்டால், "பரிசீலனையில இருக்குது" என்றார். நேரே கடைக்கே போனேன். "மாப்ள பேரு இருக்க வேண்டிய எடத்துல மண்டபத்துப் பேரு இருக்குதுபா!" என்று பத்திரிகை வாங்க வந்தவர் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் காதில் விழவே இல்லை. லேப்டாப்பைக் கட்டிப்பிடிக்காத குறை. "தாண்டு! தாண்டுடா என் ராஜா!" திரையில் தலைப்பாகை கட்டிய ஆமை ஒன்று முள்வேலியை ஒரே தாவலில் தாண்டியது.

"இன்னாண்ணே இது?"

தோள் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடினார். "ஆமைக்குள்ள எதுனா கெட்ட எண்ணம் இருக்குதான்னு பாத்துக்கினு இருக்கேம்மா."

"இருக்குதா?"

"இதுவரைக்கும் இல்ல. அடுத்த லெவல்ல தெரியும்."

அப்போது வாங்கியதுதான் அந்தச் சத்தியம்.

"சத்தியம் இருக்கட்டும்ணே. படுத்துக்கினு இருக்கிற பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றேன். அன்று சாயங்காலமே அவர் லேப்டாப்போடு எங்கள் வாசலில் நின்றார்.

"குடும்பத்தோடன்னு போட்டிருக்குதும்மா. தனியா பாத்தா பரிசீலனை செல்லாது. ஒரு கொழந்த வேணும்."

அன்றிலிருந்து தினமும் கடை மூடியதும் வந்துவிடுவார். கோதைக்கு ஒரு ஆமை, அவருக்கு ஒரு ஆமை.

"சென்சார் மாமா, உங்க ஆமை மறுபடியும் முள்ளுல வுழுந்துச்சு!"

"வுழட்டும். முள்ளு குத்துதான்னு பாக்க வேணாமா?"

"தெனமும் அதையேவா பாப்பீங்க?"

"பரிசீலனைன்னா சும்மாவா?"

கோதை சிரித்தாள். காலை ஒடித்துக்கொண்ட பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அடுப்படியில் நின்றபடியே கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன்.

தெருப் பெண்களுக்குப் பொறுமை போயிற்று. "பாஸா பெயிலாண்ணே? எங்க பசங்களும் கேக்குதுங்க." "இருக்குதும்மா, இன்னும் இருக்குது" என்பார்.

கோதையின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, நடக்கலாம் என்றார் டாக்டர். கோதையோ காலைத் தரையில் வைக்க மறுத்தாள். கெஞ்சினேன், மிரட்டினேன், பெருமாளுக்குத் துளசி மாலை வேண்டிக்கொண்டேன். "வலிக்கும், நான் ஆமையே ஆடறேன்" என்று கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. பிள்ளை இப்படியே உட்கார்ந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்த அண்ணன், ஆட்டத்தின் நடுவில் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். "தீர்ப்பு வந்துடுச்சு."

"பாஸா மாமா?"

"நல்ல வெப்சைட்டுதான். ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. ஆனா, காலு நல்லா இருக்கிற புள்ளைங்களுக்கு இல்ல." லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து நடந்துவிட்டார்.

"மாமா! நான் ஜெயிக்கப் போறேன், குடுங்க!" கோதை கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். சுவரைப் பிடித்தாள். நொண்டி நொண்டி வாசல் தாண்டினாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷர் நடந்து நான் பார்த்ததில்லை. தெருவின் பாதியில் கோதை அவர் வேட்டியை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"பாத்தியா, இதுலயும் நான்தான் தோத்தேன்" என்றார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு சின்னப் பெண்ணிடம் தினமும் தோற்றார் என்றே சொல்லுங்கள். வேண்டுமென்றே தோற்றார் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.